இருநூறு அடிக்குக் கீழே

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகள் பற்றிக் கருத்தரங்கு நடத்தினார்கள். வறட்சி நிவாரணத்தில் வேலை பார்த்தவன் என்று என்னையும் மேடையேற்றினார்கள். ஓய்வுபெற்ற அதிகாரியை அழைப்பதில் ஒரு வசதி உண்டு; பயணப்படி கேட்கமாட்டான், போர்த்திய சால்வையை ஒழுங்காக மடித்து வீட்டுக்கு எடுத்துப்போவான். கிணறு ஆழப்படுத்துதல், லாரித் தண்ணீர், கைப்பம்பு, தீவனக் கிடங்கு என்று எனக்குத் தெரிந்த முறைகளை விதிகளோடு சொன்னேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "அரசாங்கம் செஞ்சதச் சொன்னீங்க சார். ஜனங்க அவங்களா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தலைவர் மணியை அடித்துவிட்டார். சாப்பாட்டு நேரம்.

அவளுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கத்தில் துணை வட்டாட்சியராக இருந்தேன். வறட்சிப் பிரிவு என் மேசையில் இருந்தது. பிரிவு என்றால் நான், ஒரு எழுத்தர், ஓடும்போதே கதவு திறந்துகொள்ளும் ஒரு ஜீப். மழை தொடர்ந்து பொய்த்திருந்தது. மாலைகளில் போதமலைக்கு மேல் மேகம் கூடும். கறுக்கும். ஊர்கள் முழுக்க வாசலுக்கு வந்து அண்ணாந்து நிற்கும். பிறகு அந்த மேகம், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, கிழக்கே போய்விடும். மாடுகளைக் கேரளத்து லாரிகளில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். மாடு இல்லாத ஊரில் பகல் வேறு மாதிரி இருக்கிறது. மணிச் சத்தம் இல்லை, ஈ இல்லை, அதட்டுகிற குரல் இல்லை. உச்சிவெயிலில் தெருவில் நடந்தால் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் ஒருவர் வருவதுபோல் கேட்கும்.

வெண்ணந்தூருக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே கிணறுகள் நூறு அடி தாண்டியவை. பாறை வந்ததும் பக்கவாட்டில் துளை போட்டுப் பார்த்தார்கள். அதிலும் கொஞ்ச நாள் கசிந்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்து ஏதாவது சொன்னால், நாம் சொன்னது கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ அதைச் சொல்லிப் பார்ப்பதுபோல மேலே வந்தது.

தெருக்கோடியில் யாரோ சொந்தச் செலவில் போட்டுத் தோற்றுப்போன ஆழ்துளை ஒன்று இருந்தது. அதன் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காலையில் டப்பா மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். உச்சிப்பொழுதில் அதுவாகவே லேசாக எழும்பிக் கடகடக்கும். மேலே காற்றழுத்தம் மாறும்போது குழிக்குள்ளிருக்கும் காற்று வெளியே வருவதும் உள்ளே போவதும் இயல்புதான் என்று நிலத்தடி நீர்ப் பிரிவுக்காரர் எனக்கு விளக்கினார். நான் ஊராருக்கு விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகும் டப்பா கடகடக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நானும் அந்த நேரத்தில் போவதில்லை. வெயில் அதிகம்.

அந்த ஊரிலிருந்து ஒருநாள் மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர் என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார்கள் சும்மா ஓடிக் கருகும். கருகியதைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவர் பிழைப்பு. வறட்சி தொடங்கிய ஆண்டில் அந்த ஊரில் கை ஓயாமல் வேலை இருந்தது அவருக்கு மட்டும்தான். ஊர் அதைக் கவனித்து வைத்திருந்தது. இப்போது ஓட்டுவதற்கே தண்ணீர் இல்லாததால் கருகுவதற்கு மோட்டாரும் இல்லை. கூட அவர் மகள் வந்திருந்தாள். இருபது வயது சொல்லலாம். அப்பாவோடு சேர்ந்து கம்பி சுற்றுகிறவள்.

விஷயம் அவர் மனைவியைப் பற்றியது. இரண்டு ஆண்டுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனவள். உடம்பில் வெண்புள்ளி இருந்தது. வெண்புள்ளி ஒட்டாது, நோவாது, தோலின் நிறம் போவதைத் தவிர ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது. வெண்புள்ளி உள்ளவர் செத்தால் எரிக்க வேண்டும். புதைத்தால் மழை நின்றுபோகும். தவறிப் புதைத்துவிட்டால், தோண்டியெடுத்து எரித்தால்தான் மேகம் இறங்கும். வறட்சிக் காலத்தில் இது எங்கோ ஓரிடத்தில் நடக்கும். செய்தித்தாளில் மூலையில் நாலு வரி வரும். அவர் மனைவியைப் புதைத்திருந்தார்கள். இப்போது ஊர் கூடிப் பேசி, அவளைத் தோண்டுவதென்று முடிவு செய்திருந்தது.

செத்தவளைத் தொடக்கூடாது என்று மன்றாட வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு.

"தோண்டட்டும், எரிக்கட்டும் சாமி. அவளுக்கு இனி என்ன தெரியப்போகுது. எரிச்சதுக்கப்பறம் மழ வந்துபோட்டா? அப்ப இவதான் மழைய நிறுத்தி வெச்சிருந்தான்னு ஆயிருமுங்க. என்ற புள்ளைக்குக் கையில ஆரம்பிச்சிருக்குது. அவ சாகறதுக்கு முன்னாலயே அவளுக்கு வெறகு அடுக்கிருவாங்க."

அந்தப் பெண் கையை மறைக்கவில்லை. விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் பால் தெறித்ததுபோல் இருந்தது. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நடைமுறையைச் சொன்னேன். புதைத்த உடலை எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதுவும் சாவில் சந்தேகம் இருந்தால்தான். மழைக்காக எடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. எழுதிப் புகார் கொடுத்தால் போலீசை அனுப்பலாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகார் கொடுத்துப்போட்டு எங்கே குடியிருப்பது என்று திருப்பிக் கேட்டார். ஊரில் ஒரே ஒரு கிணற்றில் மட்டும் இன்னும் குடிக்கத் தண்ணீர் இருந்தது. அது முன்னாள் மணியக்காரருடையது. தோண்ட வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். காவல் நிலையத்தில் பேசிப் பார்த்தேன். புகார் இல்லாமல் ஒரு ஊரையே பிடித்து எந்த வண்டியில் ஏற்றுவது சார் என்று ஏட்டு என்னிடமே யோசனை கேட்டார்.

எனவே நானே போனேன். கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கிராம அதிகாரிப் பதவிகளை அரசாங்கம் ஒழித்தபோது வேலை போனவர் அந்த மணியக்காரர். அதனால் அரசாங்கத்தின் மேல் அவருக்கு நியாயமான ஒரு கசப்பு இருந்தது. எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். வெண்புள்ளி பற்றி டாக்டர்கள் சொல்வதைச் சொன்னேன். தலையாட்டினார்கள். சட்டத்தைச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்கள். கடைசியில் துளை போடும் ரிக் வண்டி கொண்டுவந்து ஊருக்கு ஆழ்துளை போட்டுத் தருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்கள்.

"தண்ணி வந்தா நாங்க எதுக்குங்க மம்பட்டியத் தூக்கறோம்?" என்றார் மணியக்காரர். "பொணந்தோண்டறது எங்களுக்குப் பொழுதுபோக்குங்களா? எத்தன அடிக்குப் போடுவீங்க?"

இருநூறு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கப்பட்டால் முழுமையாகப் பதில் சொல்வது என் பழக்கம். வறட்சித் திட்டத்தில் கைப்பம்புக்கு அனுமதி இருநூறு அடி வரை, அதற்கு மேல் போக வேண்டுமென்றால் திருத்திய மதிப்பீடு, பொறியாளர் பரிந்துரை, ஆட்சியர் ஒப்புதல் என்று படிப்படியாக விளக்கினேன். அரசாங்கத்தின் கணக்கில் இருநூறு அடிக்குக் கீழே பூமியே கிடையாது என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டார்கள்.

"இருநூறுக்குள்ள தண்ணி வல்லீன்னா?" என்று மணியக்காரர் காயில்காரரைப் பார்த்துக் கேட்டார். சொந்தக்காரர் கையால் தீ வைக்காவிட்டால் எரித்தது செல்லாது என்பது அவர்கள் விதி. எல்லா நடைமுறையிலும் ஒப்புதல் கையெழுத்து என்று ஒன்று இருக்குமே, அது மாதிரி.

"வல்லீன்னா நானே கொள்ளி வெக்கறனுங்க," என்றார் அவர். வேறு என்ன சொல்வார்.

அதன் பிறகு நான் செய்தவை என் பணிக்காலத்தின் சிறந்த வேலைகள். முன்னுரிமைப் பட்டியலில் அந்த ஊர் எங்கோ கீழே இருந்தது. குடிநீர் அறவே இல்லாத ஊர் என்று சான்று வாங்கினால் மேலே வரும். ஒரு கிணற்றில் தண்ணீர் இருந்ததே என்றால், அது தனியார் கிணறு. தனியார் தண்ணீர் கணக்கில் வராது. சான்று வாங்கினேன். ரிக்கைக் கையோடு அழைத்துவந்தேன்.

திருச்செங்கோட்டு வண்டி. காலையிலேயே துளைக்கத் தொடங்கிவிட்டார்கள். ரிக் வந்தால் ஒரு ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர் தவிர எல்லோரும் வந்து நிற்பார்கள், அன்றும் நின்றார்கள். சுத்தியல் இறங்கும் இடத்திலிருந்து காற்றழுத்தத்தில் பாறை மாவு பீறிட்டது. ஈரமே இல்லாத வெள்ளை மாவு. வேப்பமரம் முதலில் வெளுத்தது, பிறகு ஜீப், பிறகு மனிதர்கள். வியர்வையில் மாவு ஒட்டி, முகம், கை, மார்பு எல்லாம் ஒரே வெள்ளையாகி, கண்ணும் வாயும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. யார் மணியக்காரர், யார் காயில்காரர் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"இன்னிக்கு எல்லாருக்கும் வந்துருச்சுங்க, பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிற்பகலில் டிரில்லர் கையைத் தூக்கிக் காட்டினார். அனுமதித்த ஆழம் முடிந்தது. மாவு வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது. அவசர நேரத்தில் அதிகாரி தன் பொறுப்பில் இன்னும் சிறிது ஆழம் போகச் சொல்லலாம். பின்னால் ஏற்பளிப்பு வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு வழி இருப்பதை நான் ஊராரிடம் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை. ஓட்டுங்கள் என்று கை காட்டிவிட்டு, அதற்கான குறிப்பை எழுத ஜீப்புக்குள் போய் உட்கார்ந்தேன்.

எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது யாரும் இல்லை.

ரிக் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு ஊரே எழுந்து போனது எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் தரை காலடி வடிவங்களாக நிறம் மாறாமல் இருந்தது, சுற்றிலும் வெள்ளை. அங்கிருந்து வெள்ளைச் சுவடுகள் ஓடையைத் தாண்டிச் சுடுகாட்டுப் பக்கம் போயின. ஓடுகிற ரிக்கை வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இருநூறு அடி முடிந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த விதிப்படி அதற்குக் கீழே எதுவும் இல்லை. பிறகு எதற்கு நிற்க வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது குழி திறந்திருந்தது. சீமைக்கருவேல விறகு அடுக்கியிருந்தது. அது அன்றைக்கு வெட்டியதல்ல. பறை இல்லை, ஒப்பாரி இல்லை, பேச்சே இல்லை. வெள்ளை மனிதர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு எதையோ வாங்கி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததையெல்லாம் எழுதப்போவதில்லை. நைலெக்ஸ் சேலை ஒன்று, மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்தும் நிறம் போகாமல், கத்தரிப்பூ நிறத்தில் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் நிறம் இருந்தது அதற்கு மட்டும்தான்.

நிர்வாக மாஜிஸ்திரேட் என்ற முறையில் இதைத் தடுக்கிறேன் என்று உரக்கச் சொன்னேன். வாக்கியம் இலக்கண சுத்தமாக இருந்தது. மணியக்காரர் கைகூப்பினார்.

"இருநூறு அடி ஆச்சுங்களே. நீங்க சொன்னதுதானுங்க."

காயில்காரர் தீ வைத்தார். வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ரிக்கின் சத்தம், நெஞ்சுக்குள் அடிப்பதுபோல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஓடுதுங்களா?"

ஆமாம், என் பொறுப்பில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன் என்றேன். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நெருப்புப் பக்கம் இருந்தவர் கை அப்படிக் குளிர்ந்திருக்கக்கூடாது.

"நிறுத்தச் சொல்லுங்க சாமி. இப்பத் தண்ணி வந்துபோச்சுன்னா என்ற புள்ள போச்சுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் வந்திருந்தால் அந்தத் தண்ணீர் அவளைக் காப்பாற்றியிருக்கும். தீ வைத்த பிறகு வருகிற தண்ணீர், தாயை எரித்ததால் வந்ததாக ஆகிவிடும். நான் ஓடினேன். அரசு ஊழியன் வேலை நேரத்தில் ஓடுவது அழகல்ல. ஓடைமணலில் செருப்பு கழன்றது. ரிக்கிடம் வந்தபோது மாவு வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறமாகி, கட்டிகட்டியாக விழுந்துகொண்டிருந்தது. டிரில்லர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இன்னும் ரெண்டு ராடு எறக்குனாப் போதும் சார், அடிச்சுருவோம் என்றார்.

நிறுத்தச் சொன்னேன். அனுமதித்த ஆழம் தாண்டிவிட்டது, திருத்திய மதிப்பீடு இல்லாமல் இனி ஒரு அடி போகக்கூடாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எந்த மரியாதையும் இல்லை. ஈரத்தைப் பாத்துக்கிட்டே நிறுத்தச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தருதான் சார் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை அணைத்தார். குழாயை மேலே இழுத்துத் துளையின் வாயை மூடினார்கள்.

சத்தம் நின்றதும் ஊர் மிகப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. சுடுகாட்டுப் புகை காற்றில்லாமல் நேராக எழுந்து நின்றது. அதற்குப் பின்னால், போதமலைக்கு மேல், மேகம் கூடியிருந்தது.

ரிக்கை நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. மேகத்தை நிறுத்த அப்படி எதுவும் இல்லை. திரும்பி ஓடைக்கரை வரை போனேன். எல்லோரும் நெருப்பை விட்டுவிட்டு மலையைப் பார்த்து நின்றார்கள். வெள்ளை முகங்கள் எல்லாம் ஒரே கோணத்தில் தூக்கியிருந்தன. மேகம் இறங்கி வந்தது. மண்ணில் நிழல் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு குளிர்ந்த காற்று வந்து புகையைச் சாய்த்தது. ஒரு கிழவர் இரண்டு கைகளையும் விரித்து ஏந்தினார். கூட்டத்துக்கு வெளியே, பெண்கள் தாண்டக்கூடாத சுடுகாட்டு எல்லையில், அந்தப் பெண் நின்றிருந்தாள். அவளும் அண்ணாந்துதான் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. வறட்சி நிவாரணத்துக்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நான், மழை வரக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேகம் எங்கள் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிழக்கே போனது.

யாரும் அழவில்லை, திட்டவில்லை. கிழவர் கைகளை மடக்கிக்கொண்டார். மணியக்காரர் தோள் துண்டை எடுத்து முதன்முதலாக முகத்தைத் துடைத்தார். மாவுக்கு அடியில் அவர் முகம் மிகவும் களைத்திருந்தது.

"அப்ப இவ இல்லீங்க," என்றார். "வேற யாரோ."

காயில்காரர் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊரில் மழை வராததற்காக நன்றியோடு உட்கார்ந்திருந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மற்றவர்கள் திரும்பி, சுடுகாட்டின் மற்ற மேடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

திருத்திய மதிப்பீட்டை நானே மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இன்னொரு குழி திறப்பதற்குள் தண்ணீர் வர வேண்டும் என்பதற்காக. ரிக் மறுபடி வந்து, நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தண்ணீரைத் தொட்டது. அதற்குள் எரித்த சாம்பல் பழசாகியிருந்தது. யாரும் இரண்டையும் சேர்த்துப் பேசவில்லை. அரசாங்கத் தண்ணி என்றுதான் சொன்னார்கள். குடிக்கப் போதும், வயலுக்குக் காணாது. மழை அப்போதும் வரவில்லை.

கைப்பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருநாள் காலை போனேன். பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். காயில்காரரின் மகளும் வரிசையில் இருந்தாள். அவள் முறை வந்ததும் பம்பைப் பிடித்து அடித்தாள். அவள் பிடித்த பிடியை அடுத்தவள் கழுவவில்லை, யாரும் ஒதுங்கவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. அந்த ஊரில் ஒரு கோப்பு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஜீப்பின் நிழலில் நின்றேன்.

அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழையை நிறுத்தி வைத்திருப்பது வேறு யாராக இருக்கும் என்பதுதான் பேச்சு. ஆளுக்கொரு வீட்டைச் சொன்னார்கள், ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். அந்தப் பெண் பக்கத்துக் குடத்துக்கும் சேர்த்து அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"எரிக்காமப் பொதச்ச மேக்கால ஊட்டுப் பெரியப்பனுக்கு முதுகுல இருந்துச்சுங்கக்கா. அதனாலதான் எந்நேரமும் துண்டப் போத்திக்கிட்டே இருப்பாரு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அந்த வறட்சியில், அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.